பாதி மருந்து

அத்தியாயம் 17

மாத்திரைப் பெட்டி இன்னும் சூப் கிண்ணத்துக்குள்தான் இருந்தது.

போன அத்தியாயத்தில் ஹார்ம் அதை உள்ளே போட்டு மூடி, கிண்ணத்தை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்ததைப் பார்த்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் தங்கை கேஸ்கா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த தாள் கிழியாமல் அப்படியே இருந்தது.

"திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு முதல் வேளை," என்றாள், நாற்காலி மேலிருந்தே.

"தெரியும்." ஹார்ம் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டிருந்தான். அறுபத்தோரு வயதிலும் காலைச் சாப்பாடு அவனுக்கு அதுதான்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு. எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னாரு டாக்டர். தள்ளிக்கிட்டே போனா பலன் கொறஞ்சுக்கிட்டே போகும்."

"அதுவும் தெரியும். நீ மொதல்ல கீழ எறங்குடி. விழுந்து காலை ஒடச்சுக்கிட்டா அதுக்கும் நீயேதான் மருந்து கட்டிக்கணும்."

கேஸ்கா இறங்கினாள். ஆனால் பெட்டியோடு இறங்கினாள். அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் தட்டை நகர்த்திக்கொண்டான்.

இந்தக் குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவன் ரூல்ஃப், நடுவில் ஹார்ம், கடைக்குட்டி கேஸ்கா. கேஸ்கா ஊர் மருந்துக்கடையின் கவுண்டரில் முப்பத்தோரு வருடமாக நிற்கிறாள். ரூல்ஃபுக்குக் குடலில் புற்றுநோய் வந்தது பதினான்கு வருடத்துக்கு முன்னால். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மிச்சம் மீதி இருந்தால் அழிக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்த பத்தொன்பதாவது நாள் ரூல்ஃப் செத்துப்போனான். அவனுக்கு அந்த மாத்திரையில் இஷ்டமே இருக்கவில்லை. சாப்பிட வைத்தவள் அவன் மனைவி யான்டினா. அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கேஸ்கா எழுந்து நின்று, "அவனைத் தள்ளிவிட்டதே நீதான்," என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. ஹார்மும் தங்கை பக்கமே நின்றான்.

அப்புறமும் வருடா வருடம் மார்ச் மாதம் கேஸ்காவின் பிறந்தநாளுக்கு யான்டினாவிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். கேஸ்கா உறையைப் பிரிக்கமாட்டாள். 'அனுப்பியவருக்கே' என்று நீலப் பேனாவால் எழுதி, மறுநாளே தபால்பெட்டியில் போட்டுவிடுவாள்.

இப்போது ஹார்முக்கும் அதே இடத்தில் அதே நோய். அதே ஆபரேஷன், அதே மாத்திரை. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். இந்தக் காலத்தில் மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்க்கிறார்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் ஒரு பொருள் செய்கிறதாம். அதைத் தயாரிக்கும் மரபணுக் குறிப்பு ஆளுக்கு இரண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஹார்முக்கு இரண்டில் ஒன்று பழுது. அதனால் பாதி அளவில் ஆரம்பித்து, உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்த்துக் கூட்டலாம் என்று தீர்மானித்தார்கள். அந்தப் பரிசோதனையைப் பற்றி ஆஸ்பத்திரியில் முதலில் வாயைத் திறந்தது ஹார்மின் மனைவி ஃபென்னா. டாக்டர் சொல்வதற்கு முன்பே கேட்டாள். "எங்கியோ படிச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அந்த முடிவை மருந்துக்கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை கேஸ்காவின் கைக்கே வந்தது. ஏற்றினாள். திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. அதைப் பார்த்தபடி நின்றவளுக்கு, பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. ரூல்ஃபின் மாத்திரைப் பெட்டியை இதே கவுண்டரில் அவனிடம் நீட்டியது யார்? யான்டினா இல்லை. கேஸ்கா.

அன்றைக்கு அவனிடமும் வழக்கம்போலப் பிறந்த தேதி கேட்டாள். யார் வந்தாலும் கேட்டுச் சரிபார்க்காமல் பை கைமாறக்கூடாது என்பது விதி. "ஒரே தொட்டில குளிச்சு வளந்தவ நீ, உனக்கு என் பிறந்த தேதி தெரியாதாடி?" என்று ரூல்ஃப் கடையே சிரிக்கும்படி கேட்டான். உயரம், எடை எல்லாம் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கொடுத்தாள். கணக்கு சரி. முழு அளவு. அந்த உடம்புக்கு மட்டும் அது சரியில்லை என்று சொல்ல அன்றைக்கு எந்தத் திரையும் இல்லை.

இதை அவள் ஹார்மிடம் சொன்ன நாளிலிருந்து பெட்டி சூப் கிண்ணத்துக்குள் போய்விட்டது.

"ரூல்ஃபைக் கொன்னது இதுதான்னு நீயே சொல்றே," என்றான் ஹார்ம் இப்போது, சாக்லேட் ரொட்டியை மென்றபடி. "அதையே எனக்குப் பாதி குடுக்கறீங்க. எதுக்கு, பாதி சாகறதுக்கா?"

"உனக்கு மூணு தடவை சொல்லிட்டேன். வேணும்னா பேப்பர்ல எழுதி..."

"பேப்பர் வேணாம். டாக்டரும் பேப்பர் குடுத்தாரு. நீயும் மருந்துப் பெட்டிக்குள்ள வர்ற அந்தச் சின்ன எழுத்துக் காகிதம் மாதிரியேதான் பேசறே. நான்தான் சொல்லிட்டேனே. யான்டினா பக்கத்துல இருந்து பாத்தவ. அவ சாப்பிடுன்னு சொன்னா சாப்பிடறேன். வேற எவன் சொன்னாலும் கெடையாது."

"அவ எப்படி நம்மகிட்ட பேசுவா?"

"அது உன் கவலை. வாயை விட்டது நீ."

கேஸ்கா கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

எதிர்ச் சுவரில் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. எல்லோர் வீட்டிலும் அது அங்கேதான் தொங்கும். வருடம் போடாத காலண்டர் என்பதால் ஒருதரம் பெயரை எழுதினால் எழுதினதுதான். செத்தவர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். அக்டோபர் பக்கம். பதினெட்டாம் தேதிக்கு எதிரே ஃபென்னாவின் உருண்டைக் கையெழுத்தில் 'யான்டினா' என்று இருந்தது. தன் வீட்டுக் காலண்டரில் அந்தப் பெயரை எழுத்தே தெரியாமல் அடித்துத் தள்ளியவள் கேஸ்கா. இங்கே அது அடிபடாமல் இருந்ததை இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்தும் கவனிக்கவில்லை.

இன்றைக்குப் பதினெட்டு.

அவள் வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "கோட்டைப் போடு," என்றாள். "இன்னிக்கு அவ பிறந்தநாள்."

ஹார்ம் மெல்வதை நிறுத்தினான். அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பிறந்தநாளுக்கு இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. தேதி தெரிந்தவர்கள் காலை பத்தரைக்கு மேல் தாமாக வருவார்கள். வருபவர்களுக்குக் காபியும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தே ஆகவேண்டும். வருடத்தில் ஒரு நாள், எந்த வீட்டுக்காரராலும் யாரையும் வாசலோடு திருப்பி அனுப்ப முடியாது.

"ஃபென்னா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான் ஹார்ம். "கெளம்பு! பிறந்தநாளுக்குப் போறோம்!"

"யாரோடது?" என்று கேட்டபடி ஃபென்னா படியில் வந்தாள். சொன்னதும் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். "எனக்குத் தலைவலி. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"தலைவலிக்குத்தான் மருந்துக்கடைக்காரியே கூட வர்றாளே. வா வா. நீ இல்லாம நான் அங்க ஒரு கேக் துண்டைக்கூட முழுங்கமாட்டேன்."

ஃபென்னா நீல ஸ்கார்ஃபைத் தேடக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஸ்கார்ஃப் அவள் தோளிலேயே கிடந்தது.

*

கால்வாயை ஒட்டிய நேர்ச்சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். மாவு ஆலைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் முன்னால் ஊர்ந்தன, ரோடெல்லாம் சேறு. கேஸ்கா மடியில் ஒரு செவ்வந்திப் பூத்தொட்டி. பெட்ரோல் பங்க்கில் வாங்கியது, அவசரத்துக்கு அதுதான் கிடைத்தது.

யான்டினா வீட்டு முன்னால் ஏற்கனவே ஆறேழு சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. கேஸ்கா காரைவிட்டு இறங்கி அழைப்புமணி இருந்த முன்கதவைப் பார்த்தாள். நேரே அதை நோக்கி நடந்தாள்.

"எங்கடி போறே?" என்றான் ஹார்ம்.

"பின்பக்கமா போக எனக்கு என்ன உரிமை இருக்கு? சொந்தக்காரங்கதான் அப்படிப் போவாங்க."

"முன்பக்கமா வர்றது வரிக்காரனும் சவப்பெட்டியும்தான். நீ ரெண்டுல எது?"

அவள் நின்றாள். இந்த வீட்டு முன்கதவை அவள் கடைசியாகத் தாண்டியது ரூல்ஃபின் சவப்பெட்டிக்குப் பின்னால். அண்ணன் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப்பக்கம் திரும்பினான். மூவரும் குப்பைத்தொட்டிகளையும் கோழிக்கூண்டையும் தாண்டிப் பின்கதவுக்குப் போனார்கள். அது தாழிடப்படவில்லை.

கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. சாப்பாட்டு மேசை நாற்காலி, தோட்டத்து மடக்கு நாற்காலி, பியானோ ஸ்டூல் எல்லாம் கலந்த வட்டம். மடியில் தட்டும் கையில் கோப்பையுமாக எட்டுப் பேர். இவர்கள் மூவரும் நிலைப்படியில் வந்து நின்றதும் கரண்டிச் சத்தம் நின்றது.

யான்டினா காபி ஜாடியோடு நடுவில் நின்றாள். அறுபத்து மூன்று வயது, நல்ல உயரம், நீச்சல்குளத்து ஆசிரியை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்தவள். ஐம்பது மீட்டர் தள்ளி விசில் இல்லாமலே பையன்களை நிறுத்தும் குரல் அவளுடையது. அந்தக் குரல் இப்போது வரவில்லை.

அந்த நேரத்தில் வட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு ஹிண்ட்ரிக் எழுந்தார். எழுபத்தெட்டு வயது. கேஸ்காவிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க அண்ணன் பெண்டாட்டி பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்!" என்றார், நிதானமாக, வாய் நிறைய.

பிறந்தநாள்காரிக்கு மட்டும் வாழ்த்துச் சொல்வது இங்கே வழக்கமில்லை. அவளுடைய அம்மாவுக்கு, பிள்ளைக்கு, நாத்தனாருக்கு என்று உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். பதினான்கு வருடத்தில் கேஸ்காவுக்கு இந்த வாழ்த்தை யாரும் சொன்னதில்லை. அவள் காதெல்லாம் சிவந்துபோயிற்று. ஹிண்ட்ரிக் தொடங்கிவைத்ததும் மற்றவர்களுக்கும் வேறு வழியில்லாமல் போனது. வரிசையாக எழுந்து மூவருக்கும் கை கொடுத்தார்கள். வட்டத்தைச் சுற்றி வந்து கடைசியில் யான்டினாவின் முன்னால் நின்றாள் கேஸ்கா.

"வாழ்த்துக்கள், யான்டினா."

யான்டினா ஜாடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாள். கையை நீட்டினாள். ஈரக்கை. "பூவை அங்க வை," என்றாள். "காபில பால் போடுவியா, மறந்துட்டேன்."

"கொஞ்சமா."

"ஆன்கா, இன்னும் மூணு நாற்காலி!" என்று மகளைப் பார்த்துக் கத்தினாள். குரல் திரும்பிவிட்டது.

கேக் வந்தது. வானிலை வந்தது. உருளைக்கிழங்கில் இந்த வருடம் மாவு குறைச்சல் என்ற பேச்சு வந்தது. கேஸ்கா எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் நான்கு வாக்கியம் கட்டி நான்கையும் அழித்தாள். ஹார்முக்கு அந்த மாதிரி மென்மையெல்லாம் தெரியாது. கேக்கின் கடைசித் துணுக்கை வழித்து வாயில் போட்டான், தட்டைத் தரையில் வைத்தான், வட்டத்தின் குறுக்கே கேட்டான்.

"யான்டினா, எனக்கும் ரூல்ஃபுக்கு வந்ததுதான் வந்திருக்கு. அதே மாத்திரை குடுத்திருக்காங்க. நான் சாப்பிடலாமா?"

எட்டுப் பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

யான்டினா அவனையே பார்த்தாள். "பின்னால வா," என்றாள். கேஸ்காவைத் திரும்பிப் பார்த்து, "நீயும்," என்றாள்.

*

பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யான்டினா அதை நிறுத்தினாள். ஹார்ம் கவிழ்த்துப்போட்ட பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்தான். கேஸ்கா கதவோரம் நின்றாள்.

"உனக்கு ரத்தத்துல பாத்தாங்களா?" என்றாள் யான்டினா.

"பாத்தாங்க. ரெண்டுல ஒண்ணு பழுதாம். அதனால பாதி அளவு."

யான்டினா கண்ணை மூடித் திறந்தாள். "நல்ல வேளை," என்றாள். "ரூல்ஃபுக்கும் அதேதான்."

கேஸ்கா நிமிர்ந்தாள். "அது உனக்கு எப்படித் தெரியும்? நாங்க சும்மா ஊகம்தான்..."

"ஊகம் இல்ல. நாலு வருஷம் முன்னாடி குளத்துல ஒரு பொண்ணு சொன்னா, அவ அக்காவுக்கு மாத்திரைக்கு முன்னால ஏதோ மரபணு பாத்தாங்கன்னு. எனக்குத் தூக்கமே வரல. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். ஆபரேஷன்ல எடுத்த சதையை அவங்க தூக்கிப் போடறதில்ல. மெழுகுல பதிச்சு வெச்சிருந்தாங்க, ரூல்ஃபோட துண்டை, இத்தனை வருஷமா. அதுல பாத்துச் சொன்னாங்க. ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. அவனுக்குக் குடுத்த அளவு அவன் உடம்புக்கு ரெட்டிப்பு."

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"எட்டாவது நாள் அவனுக்கு வாயெல்லாம் புண்ணு," என்றாள் யான்டினா. குரல் ஆடவில்லை, ஆனால் கைகள் ஒரு துண்டை எடுத்து மடித்துப் பிரித்து மறுபடி மடித்தன. "தண்ணி முழுங்க முடியல. வயித்துப்போக்கு நிக்கவே இல்ல. நிறுத்திடறேன்னு சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? குளத்துல பிள்ளைங்ககிட்ட சொல்றதையே சொன்னேன். இன்னும் ரெண்டு கை போடு, கரை வந்துரும். காலைல ஒருதரம், ராத்திரி ஒருதரம், முட்டைக் கிண்ணத்துல எண்ணிப் போட்டுக் குடுத்தது நான்தான். நீ அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னே, தள்ளிவிட்டதே நீதான்னு. அதுல பொய் ஒண்ணுமில்ல, கேஸ்கா."

"பொய்," என்றாள் கேஸ்கா. "பெட்டியைக் குடுத்தது நான். பிறந்த தேதியெல்லாம் கேட்டு, எடையெல்லாம் பாத்து, என் கையாலதான் குடுத்தேன். அது தெரிஞ்சும் உன்மேல போட்டேன். யார் மேலயாவது போடணும்னு இருந்துச்சு எனக்கு. நீ பக்கத்துல இருந்தே."

யான்டினா துண்டைக் கீழே வைத்தாள். "ஆமா," என்றாள். "இருந்தேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரில் யாரும் சொல்லவில்லை. கேஸ்கா அழுதாள். அசிங்கமாக, மூக்கை உறிஞ்சி. யான்டினா மடித்த துண்டை அப்படியே அவளிடம் நீட்டினாள்.

ஹார்ம் இத்தனை நேரமும் நின்றுபோன துவைக்கும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வருடம் நீர்வாரியத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்தவன். "இரு," என்றான். "ரெண்டு பம்பு இருக்கற நிலையத்துல ஒண்ணு நின்னுபோச்சுன்னு வை. அப்ப மதகை முழுசா தொறந்தா என்ன ஆகும்? வயல் முங்கிரும். பாதி தொறந்தா ஒத்தைப் பம்பே தண்ணியத் தள்ளிரும். மட்டம் எப்பவும் போல நிக்கும். அதானா?"

"அதேதான்," என்றாள் கேஸ்கா துண்டுக்குள்ளிருந்து. "இதைத்தான் மூணு தடவை..."

"நீ பம்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. சதவீதம் சதவீதம்னே." அவன் யான்டினாவைப் பார்த்தான். "அப்ப எனக்குப் பாதிங்கிறது பாதி இல்ல. என் அளவு."

"உன் அளவு," என்றாள் யான்டினா. "சாப்பிடு, ஹார்ம். திங்கட்கிழமை ஆரம்பி. ஆனா ஒண்ணு. வாயில ஒத்தைப் புண்ணு வந்தாலும், வயிறு ரெண்டு தடவைக்கு மேல கலங்கினாலும், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. தாங்கிக்காதே. இந்தக் குடும்பத்துல ஒருத்தன் தாங்கினது போதும்."

"சரி," என்றான் ஹார்ம். அவ்வளவுதான். ஐந்து நாளாக டாக்டரும் தங்கையும் வாங்க முடியாத ஒற்றைச் சொல் அது. கேஸ்கா இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அது தட்டியது. "நாலு வருஷமா தெரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. "கூடப் பொறந்தவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்களுக்கு ஏன் சொல்லல?"

யான்டினா கேலியாகச் சிரிக்கக்கூட இல்லை. மேல்தட்டிலிருந்து காலணிப் பெட்டி ஒன்றை இறக்கினாள். உள்ளே ரப்பர் வளையம் போட்ட உறைக்கட்டு. பதினான்கு உறைகள். ஒவ்வொன்றின் மேலும் நீலப் பேனாவில், அழுத்தமான, தப்பே இல்லாத கையெழுத்து: 'அனுப்பியவருக்கே'.

ஒன்று மட்டும் தடிமன்.

"பிரி," என்றாள் யான்டினா.

கேஸ்கா பிரித்தாள். பூப்போட்ட பிறந்தநாள் அட்டை. அதற்குள் நான்காக மடித்த ஆஸ்பத்திரிக் கடிதம், ரூல்ஃபின் பெயர், பிறந்த தேதி, பரிசோதனை முடிவு. அட்டையில் இரண்டு வரி. 'கேஸ்கா, இது கடைக் கம்ப்யூட்டரில் உன் பெயரிலும் ஹார்ம் பெயரிலும் ஏறவேண்டும். உங்களுக்குத் தேவைப்படாமலே இருக்கட்டும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எந்த ஊரிலாவது, எந்த டாக்டராவது பரிசோதனையை மறந்திருந்தால்? ஹார்ம் முழு அளவு சாப்பிட்டிருப்பான். எச்சரிக்கை நான்கு வருடத்துக்கு முன்பே அவள் கைக்கு வந்து, அவள் கையாலேயே திரும்பிப் போயிருக்கிறது.

"டாக்டர் சொன்னாங்க," என்றாள் யான்டினா, "ஆஸ்பத்திரி சொந்தக்காரங்களைத் தேடிப்போய்ச் சொல்லாது, குடும்பம்தான் சொல்லணும்னு. சொல்லிப் பாத்தேன். உன்னோடது திரும்பி வந்துச்சு. ஹார்முக்கும் ஒண்ணு போட்டேன், அது திரும்பி வரல. அதனால அவன் படிச்சுட்டான்னு நெனச்சேன். படிச்சும் ஒரு போன்கூடப் போடலையேன்னு..." அவள் ஹார்மைப் பார்த்தாள். "அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல."

"எனக்கா?" ஹார்ம் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டான். "எனக்கு எந்தக் கடுதாசியும் வரல யான்டினா! சத்தியமா!"

"ரெண்டையும் ஒரே நாள், ஒரே தபால்பெட்டிலதான் போட்டேன்."

நிலைப்படியில் தட்டுகள் கிணுங்கின. அழுக்குத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஃபென்னா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"வந்துச்சு," என்றாள். "நான்தான் பிரிச்சேன். படிச்சேன்."

ஹார்ம் அவள் பக்கம் திரும்பினான். "அதனாலதான் ஆஸ்பத்திரில நீ மொதல்ல கேட்டியா? எங்கியோ படிச்சேன்னியே?"

"ஆமா."

"நாலு வருஷம் ஃபென்னா! நாலு வருஷம் என்கிட்ட ஏன் சொல்லல?"

ஃபென்னா தட்டுகளை இயந்திரத்தின் மேல் வைத்தாள். ஆணியில் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே தன் கோட்டைத் தேடினாள். எடுத்துத் தோளில் போட்டாள்; கோட்டின் கை அகப்படவில்லை. ஹார்ம் கேஸ்காவைப் பார்த்தான். யான்டினாவும் கேஸ்காவைத்தான் பார்த்தாள். இந்தக் குடும்பத்தில் குற்றம் யாருடையது என்று எழுந்து நின்று சொல்லும் வேலை எப்போதும் அவளுடையது. அதை அவள் நன்றாகவே செய்வாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேஸ்காவின் கையில் அவளே எழுதித் திருப்பி அனுப்பிய உறை இருந்தது.

கூடத்திலிருந்து ஆன்கா கத்தினாள். "ரெண்டாவது காபி யாருக்கெல்லாம்?"

கேஸ்கா ஃபென்னாவின் தோளிலிருந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கவிழ்த்த பீர்ப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு ஃபென்னா," என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்க நாலு!"